ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டுக்குக் குடிபோகும்போது செய்யக்கூடாத தவறுகள்

"ஸ்மார்ட் மீட்டர்தானே, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்" என்ற நினைப்புதான் முதல் தவறு. ரீடிங் தானாக மின் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும், சரி. ஆனால் வீட்டில் ஆள் மாறியது மீட்டருக்கு எப்படித் தெரியும்? நாம் சொல்கிறவரை பழைய குடித்தனக்காரர் பெயரில்தான் கணக்கு ஓடும்.

அதனால் சாவி கைக்கு வந்த அன்றே மீட்டரைப் போட்டோ எடுங்கள். இங்கேயும் அவசரப்பட்டுத் தவறு செய்கிறவர்கள் உண்டு. மீட்டர் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ், அதிகபட்ச லோடு என்று எண்கள் மாறி மாறி வரும். நமக்கு வேண்டியது மொத்த யூனிட். நேரத்துக்கு ஒரு கட்டணம் இருக்கும் இணைப்பென்றால், ஒவ்வொரு நேரப்பிரிவுக்கும் தனி எண் வரும். கூரையில் சோலார் இருந்தால் வாங்கியதற்கு ஒன்று, கொடுத்ததற்கு ஒன்று. ஒரு சுற்று முடியும்வரை வீடியோ எடுத்துவிடுவது நல்லது. மீட்டர் எண்ணும் அதில் தெளிவாகத் தெரியட்டும். அதை அன்றைக்கே வீட்டு உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் இதுதான் கைகொடுக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு சிக்கல்: வரிசையாக இருக்கும் மீட்டர்களில் உங்களுடையது எது? பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மீட்டர் முகப்பில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு 1000 அல்லது 3200 துடிப்பு (அதாவது மினுக்கல்) என்பதுபோல அதனருகே அச்சிட்டிருக்கும். 1000 துடிப்பு மீட்டரில் 2000 வாட் ஹீட்டரை மட்டும் போட்டால் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒருமுறை மினுக்க வேண்டும். அப்புறம் மெயின் சுவிட்சை அணையுங்கள். மினுக்கல் நிற்க வேண்டும். (சில மீட்டர்களில் விளக்கு அசையாமல் எரியும், அதுவும் சரிதான்.) நிற்கவில்லை என்றால், ஒன்று அது வேறு வீட்டு மீட்டர், இல்லையென்றால் உங்கள் இணைப்பிலிருந்து வேறெங்கோ மின்சாரம் போகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பிரீபெய்டா போஸ்ட்பெய்டா என்று கேட்காமல் குடிபோவதும் தவறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். முன்பு இருந்தவர் வைத்த பாக்கி மீட்டரில் பதிவாகியிருந்தால், நீங்கள் போடும் ரீசார்ஜிலிருந்து அது கழியலாம். கணக்கைப் பெயர் மாற்றி, பழைய பாக்கியை நீக்கச் சொல்லிவிட்டு ரீசார்ஜ் செய்யுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது, மீட்டர் பதிவைப் போனில் காட்டும் மின் நிறுவன ஆப் விஷயம். இதைக் கவனிப்பவர்கள் குறைவு. பல ஸ்மார்ட் மீட்டர்கள் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவைப் பார்த்தாலே வீட்டில் எப்போது ஆள் இருக்கிறார்கள், எப்போது தூங்குகிறார்கள், எந்த நாளில் வீடு பூட்டியிருந்தது என்று ஊகித்துவிடலாம். பழையவரின் போனில் அந்த ஆப் இன்னும் திறந்தபடி இருந்தால்? அவருடைய இணைப்பை நீக்கும்படி மின் நிறுவனத்தில் கேட்டு, பதிவுசெய்த மொபைல் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.

முதல் பில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் தொடக்க ரீடிங்கைப் பாருங்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் ஸ்மார்ட் மீட்டருக்கும் உத்தேசமாகப் பில் போடுவார்கள். உங்கள் வீடியோவில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த வீடியோவை இணைத்து உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.