மெல்லிய வெட்டு: தினசரி ஜெபப் பழக்கத்தைத் தொடங்குவது எப்படி?

டிசம்பர் 31ஆம் தேதி இரவு எங்கள் மார்த்தாண்டம் பக்கத்து ஆலயங்களில் உட்கார இடம் கிடைக்காது. ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிக்கொண்டு, கேக்கும் காப்பியுமாக வீடு திரும்பும்போது பாதிப் பேர் மனதில் ஒரே தீர்மானம்தான் இருக்கும். இந்த வருடம் வேதத்தை முழுவதும் வாசித்துவிட வேண்டும். நானும் மூன்று வருடம் அப்படித் தீர்மானித்தேன். கணக்கு எளிது. நம் கையிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் அடுத்த டிசம்பருக்குள் முடிந்துவிடும். ஆதியாகமம் கதையாக ஓடியது. யாத்திராகமத்தின் பிற்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்தன. ஜனவரி கடைசியில் லேவியராகமம். அதன் 13ஆம் அதிகாரத்தில், தோல் நோயை ஆசாரியன் எப்படிச் சோதிப்பது என்று 59 வசனங்கள். மூன்று வருடமும் நான் கவிழ்ந்த இடம் அதுதான். அட்டை மட்டும் பிரிட்ஜ் கதவில் வருடக் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் குலசேகரத்தில் சித்தப்பாவுடன் ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். விடியற்காலை மூன்றரை மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். ஒரு வெட்டுக்குச் சுமார் முந்நூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் அவர் சீவுகிற பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நான் கத்தியை வாங்கி ஒரு மரத்தில் அழுத்தினேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்களே, கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே தடியில் படக் கூடாது. ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கொஞ்சம் கூடுதலாக வரலாம். அப்புறம் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். கத்தி ஓடாது."

என் ஜனவரி வாசிப்பெல்லாம் அப்படித் தடியில் பட்ட வெட்டு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கீழே சொல்வது அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை. புதிதாகத் தொடங்குகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். நாலு மணிக்கு எழுந்து ஒரு மணிநேரம் முழங்காலில் நிற்கிறவர்கள் இதைப் படித்து என்னைத் திட்ட வேண்டாம்.

படி 1: கொழுகொம்பு பாருங்கள்

நல்லமிளகுக் கொடியைத் தரையில் ஓட விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், காய்க்காது. பலாவிலோ கமுகிலோ ஏற்றிவிட வேண்டும். "காலையில் ஜெபம் செய்வேன்" என்பதும் தரையில் ஓடுகிற கொடிதான். தினமும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒரு வேலையில் அதை ஏற்றிக் கட்டுங்கள். அடுப்பில் கட்டன்சாயா கொதிக்கிற நேரம், பல் தேய்த்து முகம் துடைத்த கையோடு, குழித்துறை ஸ்டேஷனில் திருவனந்தபுரம் ரயிலுக்குக் காத்திருக்கிற பத்து நிமிடம் என்று எதுவானாலும் சரி. இரவுப் பணி முடித்து எட்டு மணிக்கு வீடு வருகிற நர்ஸுக்கு அந்த எட்டு மணிதான் அதிகாலை.

இயேசு இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போனார் என்று மாற்கு 1:35ஐக் காட்டிச் சிலர் பயமுறுத்துவார்கள். இரண்டு வசனம் முன்னால் பாருங்கள். முந்தின சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் அவர் இருந்த வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். அவருக்கு வேறு நேரம் வாய்த்திருக்காது என்பது என் கணிப்பு.

படி 2: ஓர் இடம்

வராந்தாவின் மூலையோ, பின்கட்டுப் படியோ, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோ, தினமும் அதே இடமாக இருக்கட்டும். காகிதத்தில் அச்சிட்ட வேதமும் ஒரு நோட்டும் அங்கேயே கிடக்கட்டும். போன் அடுத்த அறையில். போனிலும் வேதம் இருக்கிறது என்பது உண்மைதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவும் அதில்தான் இருக்கிறது.

படி 3: ஏழு வசனம், நான்கு வாசிப்பு

மாற்குவில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். ஆனால் அதிகாரக் கணக்கு வேண்டாம். அந்தப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வசதிக்காகப் போடப்பட்டவை. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று மாற்கு எங்கேயும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். மாதிரிக்கு 10ஆம் அதிகாரத்தில் 46 முதல் 52 வரை, எரிகோவின் வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த பர்திமேயுவின் கதையை எடுத்துக்கொள்வோம்.

முதல் தடவை வாய்விட்டு வாசியுங்கள். கண் தாண்டிப் போகிற சொல்லை வாய் தாண்டாது. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினம் என்கிறவர்களுக்கும் இதுவே மருந்து. சத்தமாக வாசித்தால் பாதிக் கடினம் கரைந்துவிடும்.

இரண்டாம் தடவை மெதுவாகப் போங்கள். எந்தச் சொல்லில் கால் தடுக்குகிறதோ அங்கேயே நில்லுங்கள். எனக்கு 50ஆம் வசனத்தில் தடுக்கியது. இயேசு கூப்பிடுகிறார் என்றதும் அவன் தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். தெருவில் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறவனுக்கு அந்தத் துணிதான் பகலில் விரிப்பாகவும் இரவில் போர்வையாகவும் இருந்திருக்கும். கண் தெரியாதவன் அவ்வளவு கூட்டத்துக்குள் எறிந்த துணியைத் திரும்பத் தடவிக் கண்டுபிடிக்க முடியுமா? இன்னும் பார்வை வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அதற்குள் எறிந்துவிட்டான். ஓய்வுநாள் பள்ளியில் படம் வரைந்து வர்ணம் தீட்டிய கதை இது. அந்தத் துணியை நாற்பது வயது வரை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் தடவை, கேள்வி இருந்தால் அதை உங்களிடம் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று 51ஆம் வசனத்தில் இயேசு கேட்கிறார். ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கடன், மகளின் பரீட்சை, அம்மாவின் முட்டுவலி என்று எனக்கு வரிசை கட்டி வந்தன. எதை முதலில் வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையில் என்ன வேண்டும் என்றே தெரியாமல்தான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனோ என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நான்காவது வாசித்து முடித்து ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்கு நான் எழுதியது: "எறிந்த துணி."

12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த கீகோ என்பவர் வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியான நோக்கு என்று ஏணியின் நான்கு படிகளாக வகுத்துச் சொன்ன முறைதான் இது. எங்கள் சபையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கத்தோலிக்க நண்பர் சொல்லிக்கொடுத்தார். ஏணி யார் வீட்டு ஏணியாக இருந்தால் என்ன?

படி 4: வார்த்தை வராவிட்டால் கடன் வாங்குங்கள்

ஜெபம் என்றவுடன் போதகரைப் போல ஆற்றொழுக்காகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் தொடங்காமலே இருந்துவிடுகிறார்கள். முதல் மாதம் முழுவதும், இயேசு தம் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் மட்டும் போதும். ஆதிச் சபையின் திதாக்கே என்ற கையேடு அதை நாளுக்கு மூன்று வேளை சொல்லச் சொல்கிறது. 1540களில் இந்தக் கடற்கரைகளில் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிய பிரான்சிஸ் சவேரியாரும் ஜெபங்களைத் தமிழில் மனப்பாடமாகத்தான் சொல்லிக்கொடுத்தார். மனப்பாட ஜெபத்தில் உயிர் இல்லை என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியவன். அப்பாவை ஐ.சி.யூ.வில் வைத்திருந்த இரவில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை. எட்டு வயதில் படித்த 23ஆம் சங்கீதம்தான் வந்தது. அதன் பிறகு வாதாடுவதில்லை.

கோபமோ துக்கமோ மிஞ்சும் நாளில் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். கடவுளிடம் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று ஆச்சரியமாக இருக்கும்.

நடந்துகொண்டே சொல்வதற்குப் பர்திமேயுவின் கூக்குரலே இருக்கிறது: "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." கீழைத் திருச்சபைகள் இதை ஒட்டிய ஒரு சிறு ஜெபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை நூற்றாண்டுகளாக வைத்திருக்கின்றன. சித்தப்பாவுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. ஆனால் மரத்துக்கு ஒரு தடவை சொல்வார். "முந்நூறு மரத்துக்கும் சொல்வீர்களா?" என்று கேட்டேன். "பாம்பைப் பார்க்கிற நாளில் இன்னும் கூடுதல்" என்றார்.

படி 5: மாலையில் பத்து நிமிடக் குடும்ப ஜெபம்

இந்தப் பக்கத்து வீடுகளில் குடும்ப ஜெபம் புதிதல்ல. அது நீண்டுபோவதுதான் நோய். ஒரு பாட்டில் ஒரு சரணம், ஒரு வேதப் பகுதி, ஒருவர் மட்டும் ஜெபம், எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். ஜெபிக்கிறவர் தினமும் மாற வேண்டும், கடைசிப் பிள்ளை உட்பட.

ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஜெபத்துக்குள் யாரையும் திட்டக் கூடாது. "ஆண்டவரே, எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தி கொடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு அம்மா சொல்வது கடவுளுக்கு அனுப்பிய விண்ணப்பம் அல்ல என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டில் அது நடந்தது. ஒரு மாதம் மகள் ஜெபத்துக்கு வந்து உட்காரவில்லை.

என் மனைவி பாறசாலைக்காரி. அவள் கையில் மலையாள வேதம். முதலில் அது ஓர் இடைஞ்சலாகத் தெரிந்தது. இப்போது அதுதான் எங்கள் ஜெபத்தில் ருசியான பகுதி. ஒரே வசனத்தை இரண்டு மொழியிலும் வாசிப்போம். நான் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று வாசித்தால் அவள் "யஹோவ என்றெ இடையனாகுந்நு, எனிக்கு முட்டுண்டாகயில்ல" என்பாள். தாழ்ச்சி என்பதை யாராவது தன்னைத் தாழ்த்துவது என்றே மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். முட்டு என்றதும், முட்டுப்பாடு என்று சொல்கிறோமே அதுவா என்று கேட்டாள். அதுவேதான். மாதக் கடைசியில் அரிசிப் பானையின் அடியில் அளவுபடி தட்டுகிற சத்தம். வீட்டில் இன்னொரு மொழியின் வேதம் இருந்தால் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

படி 6: பிடியரிசி

அம்மச்சி உலையில் அரிசி போடுவதற்கு முன்பு ஒரு கைப்பிடியைத் தனிச் செப்பில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். இப்போது குக்கரில் ஆழாக்குக் கணக்கு வந்துவிட்டதால் பலர் விட்டுவிட்டார்கள். மறுபடி தொடங்குங்கள். அரிசியாகவோ பத்து ரூபாய் நாணயமாகவோ இருக்கட்டும். யாருக்கு என்பதை மட்டும் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வாயைத் திறக்காமல் கை செய்கிற ஜெபம் என்பதால், பேசத் தெரியாதவர்கள் இதிலிருந்தே தொடங்கினாலும் குற்றமில்லை.

படி 7: படுக்கும்போது மூன்று கேள்விகள்

இன்று எதற்கு நன்றி? எங்கே தவறினேன்? நாளைக்கு யாரிடம் போக வேண்டும்? இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் தம் தோழர்களுக்குப் பழக்கிய ஆன்மச் சோதனையை நான் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குள் தூங்கிவிடுவேன்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் மூன்று வாரம் படி 1, 2, 3 மட்டும். பிறகு ஒவ்வொன்றாக.

விட்டுப்போனால்?

விட்டுப்போகும். காய்ச்சல் வரும், கல்யாண வீடு வரும், வெறுப்பும் வரும். அப்போது செய்யக் கூடாதது ஒன்றுதான்: விட்ட நான்கு நாளையும் ஐந்தாம் நாளில் சேர்த்து அடைக்கப் பார்ப்பது. எங்களுடையது இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். மழை பிடித்தால் ரப்பர் வெட்டு நின்றுவிடும். மழை விட்டதும் சித்தப்பா எந்த மரத்திலும் இரண்டு வெட்டுப் போடுவதில்லை. மழை இல்லாத காலத்திலும் ஒன்றுவிட்ட நாள்தான் ஒரு மரத்தை வெட்டுவார். பால் ஊற நேரம் வேண்டும், அளவு மீறி வெட்டினால் மரம் பால் கொடுப்பதையே நிறுத்திவிடும். திரும்பி வருகிற நாளில் நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு அன்றைய பகுதியை வாசியுங்கள். நடுவில் உள்ள வெற்றுத் தேதிகளுக்கு விளக்கம் எழுத வேண்டாம். என் நோட்டில் ஒரு முழு ஆகஸ்ட் மாதம் இல்லை.

நாளைக் காலைக்கு வேண்டியதை இன்றிரவே செய்துவிடலாம். வேதத்தை எடுத்து மாற்கு 10ஆம் அதிகாரத்தைத் திறந்து ஓர் அடையாளம் செருகி வையுங்கள். போன குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலை, காய்ந்து சாமான்களுக்குப் பின்னால் எங்காவது கிடக்கும். அதில் ஒரு விரல் நீளம் கிள்ளினால் போதும்.