நடந்தே தீர்கிற மரம்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் முதல் கால் மணி நேரத் தவறுகள்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் லேப்டாப்பில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடிக்கொண்டிருந்தான். உணவும் மரமும் சேர்த்து, ஊரைக் கட்டி, படை திரட்டிச் சண்டை போடுகிற கணினி ஆட்டம். நான் கல்லூரி விடுதியில் தூக்கம் கெட்டு ஆடிய அதே ஆட்டம்தான், 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று துடைத்து மெருகேற்றி விட்டிருக்கிறார்கள். பையன் எடுத்திருந்தது திராவிடர்கள். 2022-இல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்போடு வந்த நாகரிகம் அது. ஊர் வேலையெல்லாம் செய்கிற வில்லேஜரைக் க்ளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான். அதற்காகவே எடுத்தேன் என்றான், நானும் அதற்காகவேதான் எடுத்திருப்பேன்.

பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் அடித்த கூத்தையெல்லாம் வரிசை மாறாமல் அடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவன் நண்பர்கள் இரண்டு பேர் ஆடியதையும் பார்த்தேன், அங்கேயும் அதே கதை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வில்லேஜர்களை உருவாக்குகிற டவுன் சென்டர் சும்மா நிற்கக் கூடாது, வீடு கட்ட மறக்கக் கூடாது, வேலையில்லாமல் நிற்கும் வில்லேஜரைக் கண்டுபிடித்து வேலை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே வராது. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். வீடு போதவில்லை என்றால் ஆட்டமே கத்திச் சொல்லும்.

நூறு மரத்துக்குக் கஞ்சத்தனம்

எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பையனின் ஆட்டம் 15 நிமிடத்தைத் தாண்டியிருந்தது. "மாமா, மரமே வர மாட்டேங்குது, பன்னெண்டு பேரைப் போட்டிருக்கேன்" என்றான். மரம் வெட்டுகிறவர்களில் ஒருவனை மட்டும் கண்ணால் பின்தொடரச் சொன்னேன். அவன் கோடாலியை ஓங்கி ஓங்கி வெட்டினான், தோளில் கட்டையைத் தூக்கிக்கொண்டான், திரும்பி நடந்தான். நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். எதிரே இன்னொருவன் வெறுங்கையோடு வர, இருவரும் முட்டிக்கொண்டு ஒதுங்கி, மறுபடி நடந்து, கடைசியில் வெட்டிய மரத்தை இறக்குகிற லம்பர் கேம்ப்புக்கு வந்து பத்தே பத்து மரத்தை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பினான். கேம்ப் இரண்டாவது நிமிடத்தில் கட்டியது. அப்போது காடு அதன் வாசலில் இருந்தது. இப்போது நடுவில் வெறும் பொட்டல்.

காடு பின்வாங்கும். இதை ஆட்டம் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு மரத்தில் 100 இருக்கிறது. ஐந்து பேர் வெட்டினால் ஒரு நிமிடத்துக்குள் அது காலி, பத்து பேர் வெட்டினால் அரை நிமிடம்கூடத் தாங்காது. கேம்ப் மட்டும் முதல் நாள் கட்டிய இடத்திலேயே அசையாமல் நிற்கும்.

கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் வலிக்கும். எந்த மேம்பாடும் வாங்காத வில்லேஜர் 10 மரம் வெட்ட ஏறத்தாழ 26 நொடி எடுப்பான், அவ்வளவுதான் அவனால் தூக்கவும் முடியும். நடை வேகம் நொடிக்கு 0.8 கட்டம் (ஆட்டத்தின் தரை இப்படிச் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும்). மரம் கேம்ப்பிலிருந்து ஆறு கட்டம் தள்ளிப் போய்விட்டால் போக வர 12 கட்டம், அதாவது 15 நொடி. 26 நொடி வேலைக்கு 41 நொடி ஆகிறது. பத்து பேரைப் போட்டுவிட்டு ஆறே கால் பேரின் வேலையை வாங்கிக்கொண்டிருக்கிறோம். மீதி மூன்றே முக்கால் பேர் நம் சோற்றைத் தின்றுவிட்டுக் காலாற உலாத்துகிறார்கள். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 நொடி டவுன் சென்டர் நேரம் கொடுத்திருக்கிறோம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

புதுக் கேம்ப்பின் விலை 100 மரம். அதே பத்து பேர் ஆளுக்கு ஒரு நடை சுமந்து வந்தால் அந்த நூறு வந்துவிடும். கட்டாமல் விட்டால் நிமிடத்துக்கு எண்பதுக்கு மேல் இழப்பு, ஒரு நிமிடம் சொச்சத்தில் போட்ட காசு திரும்பிவிடும். ஆனாலும் கை வராது. ஏற்கெனவே ஒரு கேம்ப் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு, அந்த நூறை வைத்து உணவு விளைகிற ஃபார்ம் போடலாமே என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விடுதியில் எங்கள் அறை வரிசையில் நான்தான் பெரிய ஆள் என்று ஒரு நினைப்பு இருந்த காலம். ஜூனியர் பையன் ஒருவனிடம் தோற்றேன். அதுவும் அடித்து நொறுக்கினான். ஆட்டம் முடிந்ததும் வருகிற கணக்குப் பக்கத்தில் பார்த்தால் என்னைவிட அவனிடம் வில்லேஜர் குறைவு, சேர்த்த மரம் மட்டும் என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு. லம்பர்ஜாக் என்று சீட் அடித்துவிட்டான் என்று தாழ்வாரத்தில் நின்று சத்தம் போட்டேன். அந்தச் சொல்லைத் தட்டினால் மரம் சும்மா வரும், அந்தக் காலத்தில் ஆடிய எல்லாருக்கும் தெரியும். அவன் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் பக்கத்தில் உட்காரவைத்து ஆடிக் காட்டினான். காட்டோரமாகக் கேம்ப்பை மரத்தோடு ஒட்டிக் கட்டினான். நாலு ஐந்து நிமிடம் கழித்து, ஒரு வார்த்தை பேசாமல், காடு விலகிய இடத்தில் இன்னொன்று. அப்புறம் வேறு பக்கம் ஒன்று. எனக்கு ஒரே ஒரு கேம்ப், அதைச் சுற்றிப் பதினாறு பேர் திருவிழாக் கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு. கூட்டமும் ஒரு செலவுதான். ஒருவன் வழியை இன்னொருவன் மறிப்பான். ஆறேழு பேருக்கு மேல் ஒரு கேம்ப்பில் போகிறது என்றால் அடுத்ததை வேறு இடத்தில் கட்டிவிடுவது என் பழக்கம்.

முதல் கேம்ப்பை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். டவுன் சென்டருக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று நாலைந்து மரம் மட்டும் நிற்கிற இடத்தில் வைத்தால் மூன்று நிமிடத்தில் அது தெரு நடுவில் நிற்கிற பூட்டிய கடை. அடர்ந்த காடாகப் பார்த்து, மரத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் ஒரு கட்டம்கூட விடாமல் ஒட்டி வையுங்கள்.

இதில் திராவிடர்களை எடுத்தவனுக்கு மன்னிப்பே கிடையாது. ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இனாமாக வரும். இரண்டு கேம்ப்பின் விலை அது, கையில் வைத்து அழுத்தியது மாதிரி. நம்ம ஆள் இரண்டாவது யுகமான ஃப்யூடல் ஏஜ் வந்ததும் அந்த இருநூறில் படை வீரர்களை உருவாக்குகிற பேரக்ஸை இரண்டாவதாக ஒன்று கட்டினான். முதல் பேரக்ஸே வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

நடுவில் வைத்த மில்

இதே கஞ்சத்தனத்தின் தங்கச்சி. பெர்ரிச் செடி ஒரு பக்கம், மான் ஒரு பக்கம், இரண்டுக்கும் பொதுவாக நடுவில் உணவை இறக்குகிற மில் ஒன்று. இரண்டு பேருக்கும் தூரம், அவ்வளவுதான் கண்ட பலன். மில்லைப் பெர்ரியோடு ஒட்டி வையுங்கள். மானை வேவு பார்க்கிற ஸ்கவுட்டால் தள்ளித் தள்ளி டவுன் சென்டருக்குக் கொண்டுவரலாம், கை பழகாதவர்கள் முதல் சில ஆட்டங்களில் மானை மறந்துவிட்டாலும் குடி முழுகாது.

ஆடும் காட்டுப்பன்றியும்

ஆட்டை மேய்கிற இடத்திலேயே வெட்டுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். ஆடு தானே நடந்து வரும், அதன் காலுக்குக் கூலி கிடையாது, டவுன் சென்டர் சுவரோரம் வரச் சொல்லி அங்கே வெட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். நாலை ஒன்றாக வெட்டிப் போட்டால் கறி கெட்டுக்கொண்டே போகும், திரையில் அந்த எண் குறைவதைப் பார்க்கலாம்.

பன்றியில் 340 உணவு. அதை ஆறு பேர் போய் வளைத்து அதன் இடத்திலேயே கொன்றுவிட்டு, பிறகு ஆறு பேரும் சுமக்கிறார்கள். வேட்டையாடுகிறவன் ஒரு நடையில் 35 தூக்குவான் என்பதால் ஆட்டுக்கறி அளவுக்கு நஷ்டம் தெரியாது, ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். ஒருவன் போய் அம்பு விட்டு, துரத்த விட்டு, டவுன் சென்டர் அடிக்கு ஓடி வரட்டும். மற்றவர்கள் அங்கே காத்திருந்து சேர்ந்து அடிக்கட்டும். ஓடி வருகிறவன் சாகிறான் என்றால் முதலில் வில்லேஜரை வலுவாக்குகிற லூம் என்ற மேம்பாட்டை வாங்கிக்கொள்ளுங்கள், 50 தங்கம்தான். வாங்காமல் ஓடவிட்டு நான் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு ஊரே வைக்கலாம்.

வரிசையில் முடங்கும் உணவு

டவுன் சென்டரில் ஐந்து வில்லேஜருக்கு மொத்தமாக ஆர்டர் போட்டால் ஐந்துக்கும் உணவு அப்போதே கழிந்துவிடும். ஒருவன்தான் உருவாகிக்கொண்டிருப்பான், மீதி நாலு பேருக்கான 200 உணவு எதற்கும் உதவாமல் கிடக்கும். அதே நேரத்தில் மரம் வெட்டும் வேகத்தை 20 சதவீதம் கூட்டுகிற டபுள் பிட் ஆக்ஸ் 100 உணவு, 50 மரத்துக்குக் காத்திருக்கும். ஃப்யூடல் போக 500 உணவு வேண்டும், எண் மட்டும் ஏறவே ஏறாது. வரிசையில் இரண்டு பேர் இருந்தால் போதும். அந்த இரண்டு தீர்வதற்குள் திரும்பி வந்து பார்க்கிற பழக்கம் வராதவர்கள் மூன்று போட்டுக்கொள்ளுங்கள், திட்ட மாட்டேன்.

வீல்பேரோ எப்போது

நடைதான் பிரச்சினை என்றால் வேகமாக நடக்க வைக்கிற வீல்பேரோவை முதலிலேயே வாங்கிவிடலாமே என்று பையன் கேட்டான். நல்ல கேள்விதான். 175 உணவு, 50 மரம், கூடவே 75 நொடி டவுன் சென்டர் அடைபட்டுக் கிடக்கும். அந்த நேரத்தில் மூன்று வில்லேஜர் வந்திருப்பார்கள். நடை 10 சதவீதம் வேகமாகும், சுமை 25 சதவீதம் கூடும். ஃபார்ம் நிறைய போட்ட பிறகு அது சொத்து, ஏனென்றால் விவசாயி எப்போதும் கொஞ்சம் நடந்தே ஆக வேண்டும். கேம்ப்பைத் தப்பான இடத்தில் வைத்ததற்கு மருந்தாக வாங்கினால் வீண்.

கல்

தொடாதீர்கள். ஆரம்பத்தில் கிடைக்கிற 200 கல், மூன்றாவது யுகமான காசில் ஏஜில் கூடுதலாகக் கட்டப்போகும் இரண்டு டவுன் சென்டருக்குச் சரியாகப் போகும், ஒன்றுக்கு நூறு. பயந்துபோய் 125 கல்லுக்கு ஒரு டவர் கட்டினீர்கள் என்றால் மிச்சம் 75, அதில் ஒன்றுகூட வராது.

சந்தை

உணவு, மரம், கல் எதை வாங்கினாலும் விற்றாலும் 30 சதவீதம் சந்தைக்காரன் எடுத்துக்கொள்வான். அவசரத்துக்கு மட்டும்.

அன்றைக்குப் பையனை அந்த ஆட்டத்திலேயே காட்டோரம் இரண்டு கேம்ப் கட்டச் சொன்னேன். ஆட்களை நகர்த்தவே வேண்டாம், சுமை ஏறியதும் அவர்களே பக்கத்தில் இருப்பதைத் தேடிப் போவார்கள். நேற்று இரவு பதினோரு மணிக்கு போன். "மாமா, மரம் ஆயிரத்து நானூறு இருக்கு, எதுவும் வாங்க முடியல, உணவு சுத்தமா இல்ல."

ஃபார்ம் எத்தனை போட்டாய் என்று கேட்டேன். நாலு என்றான்.