சாட்பாட் செய்தியில் எமோஜி: கோடில் எங்கே தவறுகிறோம்?

டெலிகிராம் பாட் எழுதுகிறவர்கள் முதலில் இடறுவது எண்ணிக்கையில்தான். 🙏 என்பதற்குப் பைத்தானில் நீளம் காட்டும் லென் போட்டால் 1 வரும். ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் 2. டெலிகிராமோ யூடிஎஃப்-16 கணக்கில்தான் (எழுத்துகளை 16 பிட் துண்டுகளாகச் சேமிக்கும் முறை; 🙏-க்கு இரண்டு துண்டு) எண்ணுகிறது, அதாவது 2.

'🙏 வணக்கம் ரவி' என்று அனுப்புகிறீர்கள். பெயர் மட்டும் தடித்த எழுத்தில் வர வேண்டும். அதற்குப் பெயர் தொடங்கும் இடத்தையும் நீளத்தையும் டெலிகிராமுக்குச் சொல்ல வேண்டும். 0-விலிருந்து எண்ணும் பைத்தான் கணக்குப்படி 'ரவி' தொடங்கும் இடம் 10, நீளம் 3. டெலிகிராமுக்கு அந்த இடம் 11. 10 என்றே கொடுத்தால் தடிப்பு பெயருக்கு முன்னாலுள்ள இடைவெளியில் தொடங்கி, 'வி'யின் இகரக் குறி வெளியே நின்றுவிடும். பெயருக்கு முன்னாலுள்ள பகுதியை யூடிஎஃப்-16-எல்இ (utf-16-le) ஆக என்கோட் செய்து, பைட்டுகளை இரண்டால் வகுத்து எண்ணுங்கள். இல்லையென்றால் ஹெச்டிஎம்எல் பார்ஸ் மோடில், அதாவது பெயரை <b> குறிகளுக்குள் வைத்து, அனுப்புங்கள். அப்போது இந்தக் கணக்கே வேண்டாம், ஆனால் பயனரின் பெயரை எஸ்கேப் செய்ய (அதிலுள்ள <, & போன்ற குறிகளை மாற்றி எழுத) மறக்கக் கூடாது.

அப்புறம், நீளமான செய்தியை வெட்டுவது. டெலிகிராமில் ஒரு செய்திக்கு வரம்பு 4096 எழுத்துக் குறிகள். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் வெட்டினால் 👨‍👩‍👧 குடும்பம் பிரிந்துவிடும். இதில் மூன்று பேர், நடுவே கண்ணுக்குத் தெரியாத இரண்டு இணைப்புக் குறிகள். ஜாவாஸ்கிரிப்டில் நீளம் 8. நம் 'நி'யும் இப்படித்தான்: உள்ளே இரண்டு குறியீடுகள், தவறாக வெட்டினால் 'ந' மட்டும் மிஞ்சும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டில்.செக்மென்டர் முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். பைத்தானில் ரெஜெக்ஸ் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும். பைத்தானோடு கூடவே வரும் ஆர்இ நூலகத்தில் அந்த வசதி இல்லை.

தரவுத்தளத்தில் நம்மை ஏமாற்றுவது தமிழேதான். மைஎஸ்கியூஎல்-இல் 'யூடிஎஃப்8' என்ற பழைய வகை ஒரு குறியீட்டுக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ்க் குறியீடுகள் சரியாக 3 பைட். அதனால் தமிழில் எத்தனை முறை சோதித்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும். முதல் 😀 வந்ததும் பிழை வரும், அல்லது அந்த இடத்திலிருந்து செய்தி காணாமல் போகும். அட்டவணையை 'யூடிஎஃப்8எம்பி4' வகைக்கு மாற்றுங்கள். பாட் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பின் கேரக்டர் செட்டையும் (எழுத்து வகை அமைப்பு) சேர்த்து மாற்ற வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பயனர் 👍 அனுப்பினாரா என்று நேரடியாக ஒப்பிடாதீர்கள். தோல் நிறம் சேர்ந்த 👍🏽 வந்தால் பொருந்தாது. பட்டன் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பட்டியலின் ஒவ்வொரு வரியையும் எமோஜியில் தொடங்குவதையும் விட்டுவிடுங்கள். பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொன்றின் பெயரையும் வாய்விட்டுப் படிக்கும்; பத்து வரி என்றால் பத்து முறை அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு விஷயம் கிடைக்கும்.