மும்மொழித் தளத்துக்குச் செலக்டர் எழுதும் முறை

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றின் அறைப்பதிவுத் தளத்துக்குத் தானியங்கிச் சோதனை எழுதிய நாட்களில், தளம் ஒழுங்காக இயங்கியபோதும் எங்கள் சோதனைகள் அடிக்கடி தோற்றுக்கொண்டிருந்தன. பக்கத்தில் எந்த உறுப்பை (பட்டன், பெட்டி போன்றதை) எடுக்க வேண்டும் என்று சோதனைக்குச் சொல்லும் குறிப்பே செலக்டர். உலாவியிலுள்ள டெவ்டூல்ஸ் என்னும் நிரலாளர் கருவி தரும் முழு எக்ஸ்பாத்தை, அதாவது உறுப்பு இருக்கும் இடத்துக்கான பாதையை, அப்படியே நகலெடுத்துச் செலக்டராக ஒட்டியதே காரணம். அது ஒரு பட்டனை ‘மூன்றாவது டிவ்வுக்குள் இரண்டாவது டிவ்’ என்று (டிவ் என்பது பக்கத்தின் ஒரு பகுதி) இடத்தை வைத்தே அறிவதால், பக்கத்தின் மேலே ஓர் அறிவிப்புப் பட்டை சேர்ந்தாலே குறி தவறிவிடும்.

தோற்றத்தை அமைக்க உறுப்புகளுக்கு இடப்படும் கிளாஸ் பெயர்களும் நம்பத்தக்கவை அல்ல. சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் போன்ற முறைகளில் பில்டின்போது, அதாவது நிரலை வெளியீட்டுக்காகத் தொகுக்கும்போது, அவை தாமாக உருவாகின்றன; ஆகவே மாறிவிடக்கூடும். நிரலாளர் கைப்பட வைத்த ஐடி (உறுப்பின் தனி அடையாளப் பெயர்) இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

பொதுவாக முதலில் பார்க்க வேண்டியது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரைபடிப்பான் அந்த உறுப்பை எவ்வாறு அறிவிக்கிறது என்பதையே. ‘தொடர்க என்னும் பட்டன்’ என்று பங்கையும் (பட்டன்) பெயரையும் (தொடர்க) சேர்த்துத் தேட, பிளேரைட் என்னும் சோதனைக் கருவியில் கெட்-பை-ரோல் இருக்கிறது. படிவப் பெட்டிகளுக்கு, அவற்றின் தலைப்பை வைத்துத் தேடும் கெட்-பை-லேபிள் போதும். ஆனால் எங்கள் தளம் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்றிலும் இயங்கியதால், மொழியை மாற்றியவுடன் ‘தொடர்க’ காணாமற்போனது. ஆகவே எல்லா மொழிகளுக்கும் பொதுவான சோதனைகளில் சோதனைக்கென்றே உறுப்பில் இடப்படும் டேட்டா-டெஸ்ட்-ஐடி என்னும் பண்பை நிரலாளரிடம் கேட்டு வாங்கிப் பயன்படுத்தினோம். பெயரை வைத்துத் தேடுவதை அந்தந்த மொழிக்கான சோதனையோடு நிறுத்திக்கொண்டோம்.

தமிழ்ப் பெயரை வைத்துத் தேடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எக்ஸ்பாத் குறியெண்களை ஒப்பிடுவதால் அதற்கு அவை வெவ்வேறு சொற்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. மொழிபெயர்ப்புக் கோப்பு, சோதனைக் கோப்பு இரண்டையும், இத்தகைய குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்னும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இத்தொல்லை தீரும்.

பதிவுப் பட்டியலில் ஒவ்வொரு வரிசையிலும் ‘ரத்துசெய்’ பட்டன் இருக்கும். பதிவெண்ணைக் கொண்டு முதலில் வரிசையைப் பிடித்து, அதற்குள் பட்டனைத் தேட வேண்டும். ‘நான்காவது வரிசை’ என்று எழுதிவைத்தால், வார இறுதிக்கான புதிய பதிவு ஒன்று மேலே வந்து அமர்ந்ததும் சோதனை வேறொருவரின் அறையை ரத்துசெய்துவிடும்.

எழுதிய செலக்டரை டெவ்டூல்ஸின் எலிமென்ட்ஸ் பலகத்தில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தி இட்டால், எத்தனை உறுப்புகள் பொருந்துகின்றன என்பது தெரியும். சொடுக்கும்போது இரண்டு பொருந்தினால் பிளேரைட் பிழை காட்டி நின்றுவிடும். செலினியம் என்னும் மற்றொரு சோதனைக் கருவியோ முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். ஆகையால் செலினியத்தில் எழுதுவோர், எண்ணிக்கை ஒன்றுதானா என்பதை மூன்று மொழிப் பக்கங்களிலும் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.