கிறுக்குச் சப்பாத்து வாங்கப் போகிறீர்களா, முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்

என்னிடம் 11 சோடி இருக்கிறது. போடுவது 7. மற்ற 4 சோடியும் கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு கிடக்கின்றன, எறியவும் மனமில்லை, காலில் ஏற்றவும் வழியில்லை. இங்கே எழுதப்போவதில் பாதி அந்த நாலும் சொல்லித் தந்ததுதான்.

கிறுக்குச் சப்பாத்து என்று நான் சொல்வது வெறுமனே விலை கூடிய சாமானை அல்ல. பெரிய பெயர் பொறித்த வெள்ளைக் கான்வஸை அள்ளிக் கொடுத்து வாங்குவது வேறு வருத்தம், அதற்கு மருந்து என்னிடம் இல்லை. நான் சொல்வது, குதி ஏன் நேராக இருக்கவேண்டும், இரண்டு காலும் ஏன் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்தவற்றை. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் 1975 இல் தொடங்கிய கேம்பர் நிறுவனம், 1988 இல் இடதும் வலதும் வேறு வேறாக இருக்கிற ‘ட்வின்ஸ்’ சப்பாத்தைக் கொண்டுவந்தது. டான் சலிவன் 1999 இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் தொடங்கிய இர்ரெகுலர் சாய்ஸ், குதி இருக்கவேண்டிய இடத்தில் யூனிகோர்ன் ஒன்றை நிறுத்தி வைக்கும். யுனைட்டட் நியூட் என்ற நிறுவனத்தின் ‘மோபியஸ்’ சப்பாத்தில் ஒரே பட்டி நெளிந்து நெளிந்து அடியும் குதியும் மேல்பக்கமுமாக ஆகிவிடும். அப்புறம், ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கு ட்ராமில் போய் இறங்குகிற தூரத்தில் கடை வைத்திருப்பவர் வன்கூவர்க்காரர் ஜோன் ஃப்ளூவொக். இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது அவருடைய குயின் வீதிக் கடையில்தான், ஆகவே உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

அவர் 1970 இல் பீற்றர் ஃபொக்ஸ் என்பவரோடு சேர்ந்து வன்கூவரின் காஸ்டவுன் பகுதியில் கடை போட்டவர், பத்து வருடத்தில் இருவரும் தனித்தனியே போனார்கள். டீ-லைட் குழுவின் பாடகி லேடி மிஸ் கியர் 1990 இல் இசைத்தட்டு அட்டையில் அவருடைய ‘மன்ஸ்டர்’ சப்பாத்தோடு நின்றபிறகு உலகம் முழுக்க ஆட்களுக்குப் பெயர் தெரிந்தது. ஆனால் எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அந்த அட்டை இல்லை. ‘ஏஞ்சல்’ என்ற வகையை எடுத்துக் கவிழ்த்தால் அடியில் எழுத்து இருக்கும்: இது காரம், நீர், அமிலம், களைப்பு, சாத்தான் எல்லாவற்றையும் தாங்கும் என்று. எண்ணெயும் அமிலமும் தாங்கும் என்று தொழிற்சாலைப் பூட்ஸில் போடுகிற அதே வரியில் ஆள் கடைசியாகச் சாத்தானையும் சேர்த்துவிட்டார். நடக்கும்போது யாருக்கும் தெரியாத இடத்தில் பகிடி விடுகிற மனிதர் என்றால் எனக்கு ஒரு மரியாதை. (வாடிக்கையாளர்கள் கீறி அனுப்பும் படங்களில் நல்லதைத் தெரிந்து சப்பாத்தாகச் செய்து, கீறியவரின் பெயரையே அதற்கு வைக்கும் திட்டமும் அவரிடம் உண்டு. நானும் ஒன்று அனுப்பினேன். அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.)

சரி, எப்படி வாங்குவது.

முதலில் கடைக்குப் போகாதீர்கள், நூதனசாலைக்குப் போங்கள். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்குச் சென்ற் ஜோர்ஜ் நிலக்கீழ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பாட்டா சப்பாத்து நூதனசாலை இருக்கிறது, மூடி கோணலாக வைத்த சப்பாத்துப் பெட்டி மாதிரி ஒரு கட்டடம், 1995 இல் திறந்தது. ஊரில் நாங்கள் ‘பாட்டா’ என்று றப்பர் செருப்பைச் சொல்லுவோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சோன்யா பாட்டா சேர்த்தவைதான் அதற்கு அடித்தளம். அங்கே பிரான்ஸில் செஸ்நட் கொட்டை உடைக்கப் போட்ட இரும்பு முள் வைத்த மரக்கட்டைச் சப்பாத்து இருக்கிறது. எல்ற்றன் ஜோனின் பிளாட்ஃபோர்ம் பூட்ஸ் இருக்கிறது. 16 ஆம் நூற்றாண்டு வெனிஸ் பெண்கள் போட்ட ‘சொப்பீன்’ என்ற வகையில் அரை மீற்றர் உயரம் வரைகூடச் செய்திருக்கிறார்கள், பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் நடக்க ஏலாது. ஒரு பின்னேரம் இதெல்லாம் பார்த்தால் இரண்டு நன்மை. எதைப் பார்த்தாலும் வாய் பிளக்கிற நிலை போய்விடும், அதோடு எது நடப்பதற்குச் செய்தது, எது நிற்பதற்கு மட்டும் செய்தது என்று கண் தானாகப் பிரிக்கத் தொடங்கும்.

கடைக்குப் போவது பின்னேரத்தில். காலையில் கால் சின்னனாக இருக்கும், நாள் முழுக்க நின்று நடந்தபிறகு வீங்கும், அந்த வீங்கிய காலுக்குத்தான் சப்பாத்து வேண்டும். எந்தச் சொக்ஸோடு போடப்போகிறீர்களோ அதையே கொண்டுபோங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் அநேகமானோருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்கு அளவாக வாங்கி, மற்றதுக்கு உள்ளே ஒரு மெல்லிய தாள் வைத்துச் சரிக்கட்டலாம். சின்னக் காலுக்கு வாங்கினால் சரிக்கட்ட வழியே இல்லை. ‘தோல்தானே, இழுபடும்’ என்று கடைப்பிள்ளை சொன்னால் அகலத்தில் மட்டும் நம்புங்கள். நீளத்தில் எந்தத் தோலும் இழுபடாது, விரல் முட்டுகிற சப்பாத்து மூன்று வருடம் கழித்தும் முட்டும்.

இப்போது அதைக் கவிழ்க்கிற இடம். மேலே எத்தனை பூ, எத்தனை பட்டன், எந்த நிறம் என்பதெல்லாம் தூரத்திலிருந்தே தெரிகிறது, அதற்குக் கை தேவையில்லை. கையில் எடுத்ததும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அடி தோலா, றப்பரா, வெறும் பிளாஸ்டிக்கா? மேல்தோலும் அடியும் சேர்கிற ஓரத்தில் ஒரு தோல் பட்டி சுற்றிவந்து, தையலும் அதனூடாக உண்மையாகவே இறங்குகிறதா, அல்லது தையல் மாதிரி கோடு போட்ட அலங்காரமா? அந்தப் பட்டி வைத்துத் தைத்ததைக் குட்இயர் வெல்ட் என்பார்கள், அடி தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு அடி போடலாம், 10 வருடம் ஓட்டலாம். பசையில் ஒட்டியது எல்லாம் கூடாது என்று சொல்லமாட்டேன், நான் போடுகிற 7 இல் 4 ஒட்டியதுதான். ஆனால் தைத்ததற்குரிய விலையை ஒட்டியதற்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளையவேண்டும். நடுவில், பாதத்தின் குழிவுக்குக் கீழே, வளையக் கூடாது. அந்த இடத்தில் உள்ளே ஒரு உருக்குத் தகடு இருக்கவேண்டும், குதி உயர உயர அது முக்கியம். பிறகு சப்பாத்தைச் சமமான மேசையில் வைத்துக் குதியை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள், யூனிகோர்ன் எவ்வளவு வடிவாக இருந்தாலும் சரி. குதி விசித்திரமான உருவத்தில் இருக்கும்போது நிலத்தில் படுகிற பரப்பு எவ்வளவு, அது நேரே உங்கள் குதிக்காலுக்குக் கீழே வருகிறதா என்ற இரண்டும்தான் கேள்வி. ஃப்ளூவொக்கின் குதிகள் பலது இடுப்புச் சிறுத்துக் கீழே திரும்ப அகலும், பார்க்கப் பயமாக இருக்கும், ஏறி நின்றால் ஆடாது. மாறாக ஊசிக் குதியில் எவ்வளவு அலங்காரம் தொங்கினாலும் அது ஊசிக் குதிதான்.

இன்னொன்று, இதை எனக்குச் சொல்லித் தர ஆள் இருந்திருந்தால் அந்தக் கட்டிலுக்குக் கீழே 2 பெட்டி குறைந்திருக்கும். சப்பாத்தை ஒரு கால் அச்சின்மேல் இழுத்து அடித்துத்தான் செய்வார்கள், அதை லாஸ்ட் என்பார்கள். ஒரே லாஸ்டில் செய்த வேறு வேறு மாதிரிகள் உங்கள் காலுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் பொருந்தும். ஆகவே ஒரு சப்பாத்து உங்களுக்கு நன்றாகப் பொருந்தினால், “இதே லாஸ்டில் வேறு என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். ஃப்ளூவொக் போன்ற கடைகளில் ஒரே அடியும் குதியும் உள்ளவற்றை ஒரு குடும்பமாகப் பெயர் வைத்தே அடுக்கியிருப்பார்கள், கேட்க இன்னும் லேசு. உங்கள் குடும்பம் எது என்று தெரிந்தபிறகு இணையத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தெரியாமல் வாங்கக் கூடாது.

இலக்கத்தை நம்பியும் வாங்காதீர்கள். ஐரோப்பிய அளவில் ஒரு இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 6.67 மில்லிமீற்றர், பிரித்தானிய, அமெரிக்க அளவில் 8.47 மில்லிமீற்றர். இரண்டும் ஒன்றோடொன்று சரியாக விழவே விழாது, அதனால்தான் மாற்று அட்டவணை ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. காலை ஒரு தாளில் வைத்துக் கீறி, மில்லிமீற்றரில் அளந்து, கடைக்கு எழுதிக் கேளுங்கள்.

இனி எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினைகள். நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே கழற்றுகிற சனம். 12 கண் உள்ள நாடாப் பூட்ஸ் எவ்வளவு அழகென்றாலும், பின்னால் மூன்று பேர் குளிருக்குள் நிற்க, நிலத்தில் குந்தி நாடா அவிழ்க்கிற கோலம் அழகில்லை. பக்கத்தில் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலுக்கு என்றால் இழுத்து மாட்டுகிறது மட்டும். களவு போகுமா என்று பயப்படவேண்டாம், மஞ்சளும் ஊதாவும் கலந்த கூர்மூக்குச் சப்பாத்தை யாரும் தங்களுடையது என்று நினைத்து மாட்டிக்கொண்டு போகமாட்டார்கள். என் பெரியம்மா ஒருமுறை கோயில் வாசலில் செருப்பு வைக்கிற தட்டைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, ஆரோ கோமாளி பூசைக்கு வந்திருக்கிறான் போல” என்றா. நான்தான் பெரியம்மா என்று சொல்ல எனக்கு அர்ச்சனை முடியும்வரை துணிவு வரவில்லை.

சேலையோடு போடுவதென்றால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சேலையைக் கட்டுங்கள், கட்டியபிறகு போட்டால் கீழ்க்கரை இரண்டு இஞ்ச் மேலே நிற்கும். பக்கிள், உலோக இலை, பறவைச் சொண்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது எல்லாம் சேலை நூலை இழுக்கும். ஒரு பழைய பருத்திச் சேலையோடு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், காஞ்சிபுரத்தில் பரிசோதிக்காதீர்கள்.

தோல் அடி பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு ஜனவரிக் கல்யாணத்துக்கு, ஒருநாளும் போடாத புதுப் பச்சைச் சப்பாத்தோடு போனேன், பளிங்கு மாதிரித் தோல் அடி. மண்டபத்தின் கார் தரிப்பிடத்தில் கையில் பலகாரத் தட்டு. மூன்றாவது அடியில் சறுக்கி நான் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம், பயத்தம் பணியாரம் எல்லாம் பனியில் உருண்டு போனது. அடுத்த கிழமை சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து முன்பாதிக்கு மெல்லிய றப்பர் ஒட்டுவித்தேன், 45 டொலர். அவர் சொன்னார், கொஞ்சம் போட்டு அடி சொரசொரப்பானபிறகு ஒட்டினால்தான் பிடிக்கும் என்று. ஆகவே புதுசாக வாங்கினால் காய்ந்த நாளில் நாலைந்து தரம் போட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

வீதியில் கொட்டுகிற உப்பு தோலில் வெள்ளைக் கோடாக ஏறினால், வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியால் ஒற்றித் துடைக்கலாம், பிறகு வெறும் தண்ணீர்த் துணி. ஹீற்றருக்குப் பக்கத்தில் காயவைக்காதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து ஒரு மூலையில் விடுங்கள். ஒரே சோடியை அடுத்தடுத்த நாள் போடாமல் ஒருநாள் ஆறவிட்டால் உள்ளே வியர்வை காயும். வாசலில் கழற்றுகிற சனத்துக்கு இது ஏன் முக்கியம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

காசு. ஃப்ளூவொக் மாதிரிக் கடைகளில் பெரும்பாலும் 300 டொலருக்கு மேல்தான், ஒன்ராறியோவில் 13 வீத வரி வேறு. எனக்குப் பொறுமை இருந்தால் பருவ முடிவில் வாங்குவேன். விசித்திர நிறங்கள்தான் கடைசியில் மிஞ்சும், அது எங்களுக்கு நல்லது, கறுப்பு முதலே போய்விடும். பிரித்தானியாவிலிருந்து எடுப்பித்தால் சுங்கவரியையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோசப்படுங்கள்.

பாவித்ததை வாங்குவதுதான் எனக்கு இப்போது கூடப் பிடிக்கும். உற்பத்தி நின்றுபோன மாதிரிகளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் “ஒருமுறையும் போடவில்லை, 15 வருடமாகப் பெட்டியிலேயே இருக்கிறது” என்று எழுதியிருந்தால் சந்தோசப்படாமல் பயப்படுங்கள். பொலியூரத்தேன் அடி காற்றிலுள்ள ஈரத்தால் போடாமலே உக்கும், முதல் நாள் நடக்கும்போது கேக் மாதிரி உதிரும். என் நாலில் ஒன்று அப்படித்தான், பஸ் தரிப்பிடத்திலிருந்து வேலைக்கு ஒரு அடியோடு மட்டும் போய்ச் சேர்ந்தேன். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: அடி, குதியின் பின்பக்கம், உள்ளே விரல் பதிந்த இடம். விரல் அடையாளம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் அது வேறு ஒருவரின் நடைக்குப் பழகிப்போன சப்பாத்து, உங்கள் காலோடு சண்டை பிடிக்கும். அடியின் படத்தை அனுப்பமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அப்படி ஒரு நீலச் சோடியை, 8 ஆம் இலக்கம், குதியில் வெள்ளிக் கோடு, போன கார்த்திகையில் நான் விட்டேன். சரியான முடிவுதான். இன்னும் இரவில் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கிறேன்.