நாலு சில்லுப் பரண்: கொழும்பிலிருந்து கமரா வேட்டைக்கு ஒரு சின்னக் கார்

முருங்கனில் பெரியப்பாவுக்கு வயல் இருந்தது. நெல் கதிர் வாங்கும் நாட்களில் இரவில் பன்றி இறங்கும். நாலு மரம் நட்டு, பலகை போட்டு, கிடுகால் வேய்ந்த பரணில் துவக்கோடு விழித்திருப்பார். சிறுவனாக இருந்தபோது சில இரவுகள் நானும் கூட ஏறி இருந்திருக்கிறேன். இருமல் வந்தால் சால்வையால் வாயைப் பொத்தச் சொல்வார். "நீ தேடிப் போனா அது ஓடும் தம்பி. அசையாம இருந்தா தானா வரும்."

அந்தத் துவக்கு எப்போதோ கைமாறிப் போய்விட்டது. நான் வெள்ளவத்தையில் குடியிருந்து கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு கிடைத்தால் கமராவோடு வேட்டைக்குப் போகிறேன். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கும் நாட்டில், மானையும் மரையையும் சுடுவதற்கு வண்டி தயார் செய்வது பற்றி நான் எழுத மாட்டேன். என் வேட்டையில் உள்ளானும் ஊசிவால் வாத்தும் பூநாரையும் உயிரோடு பறந்து போகும். ஆனால் பெரியப்பா சொன்ன விதி இதற்கும் அப்படியே பொருந்துகிறது. வேட்டைக் கார் என்றதும் எல்லோரும் சேற்றைக் கிழித்துக்கொண்டு போவதைத்தான் நினைக்கிறார்கள். என் காரை நான் பரணாக வைத்திருக்கிறேன். அதில் ஓடும் நேரத்தைவிட உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம்.

என்னிடம் இருப்பது 1300 சிசி டொயோட்டா கெமி. டைஹாட்சு டெரியோஸும் இதுவும் ஒரே வண்டி, பெயர்தான் வேறு. நாலு சில்லுக்கும் எப்போதும் இழுவை போகும். நடுவில் ஒரு டிஃபரன்ஷியல், அதாவது முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டி. அதைப் பூட்ட டாஷ்போர்டில் ஒரு பொத்தான், அதுதான் டிஃப் லொக். நண்பர்கள் பலர் சுசுகி ஜிம்னியைத்தான் சொன்னார்கள். சேற்றில் அது இதைவிடக் கெட்டிக்கார வண்டி, மறுக்கவில்லை. ஆனால் மூன்று கதவு ஜிம்னியில் பின் ஜன்னல் இறங்காது. பின் இருக்கையில் இருந்து படம் எடுக்க முடியாத பரண் எனக்கு எதற்கு? கெமியில் நாலு ஜன்னலும் முழுதாக இறங்கும். ஹஸ்லர் போன்ற சின்னக் கார்களிலும் ஃபோர் வீல் உண்டு. ஆனால் ஒரே பெயரில் முன் சில்லு மட்டும் இழுப்பதும் ஓடுகிறது. விற்பவர் சொல்வதை நம்பாமல், காருக்கு அடியில் குனிந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்களின் விலை நன்றாக ஏறியது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கும்போது பொறுமையாகப் பார்க்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது வெள்ளம். 2016 மே மாதம் கொலன்னாவ, களனிப் பக்கம் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். கால் விரிப்பைத் தூக்கி சீட் ஆணிகளில் துரு இருக்கிறதா பாருங்கள். பிறகு ஃபோர் வீல் சோதனை. சரளைக்கல் போட்ட வெறுங்காணியில் டிஃப் லொக்கைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல முரண்டு பிடிக்க வேண்டும். எப்போதும் போல லேசாகச் சுற்றினால் லொக் வேலை செய்யவில்லை. முன் ஆக்ஸில் ரப்பர் உறைகள் வெடித்திருக்கின்றனவா, முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது.

அந்த லொக்கைத் தார் வீதியில் போடாதீர்கள். வளைவில் முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ரயரையும் ஷாஃப்டையும் முறுக்கும். மணலும் சேறும் சறுக்கிக்கொடுக்கும், தார் கொடுக்காது. இதே காரணத்தால் நாலு ரயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று போட்டால் நடு டிஃபரன்ஷியல் நாள் முழுக்கச் சும்மா வேலை செய்து தேயும். ரயர் காற்று வீதியில் 28 பிஎஸ்ஐ, கற்பிட்டிப் பக்கத்து மணல் பாதையில் 18. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தால் திரும்பத் தார் ஏறும்போது நிரப்பிக்கொள்ளலாம். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் சூடேறிக் கிழியும்.

சரி, இனிப் பரண் கட்டும் வேலை.

பறவைகளுக்கு மனித உருவம்தான் பயம். நிற்கும் காரை அவை ஒரு பாறை போல எடுத்துக்கொள்கின்றன. காருக்குள் தலையும் கையும் அசைவது தெரியாவிட்டால் போதும். பழைய கரும்பச்சைத் திரைச்சீலையை ஜன்னல் அளவுக்கு வெட்டி, நடுவில் லென்ஸ் போக ஒரு கீறல் விட்டு, விளிம்பில் சின்னக் காந்தங்களை வைத்துத் தைத்தேன். புறக்கோட்டையில் காந்தம் வாங்கலாம். கதவின் இரும்புச் சட்டத்தில் அது தானாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த பக்க ஜன்னலையும் மூட மறக்காதீர்கள். அதிலிருந்து வெளிச்சம் வந்தால் உங்கள் உருவம் நிழலாகத் தெரியும். இராணுவப் புள்ளித் துணி மட்டும் வேண்டாம். வடக்கே சோதனைச் சாவடியில் அது தேவையில்லாத கேள்விகளைக் கொண்டுவரும், சாதாரணத் திரைச்சீலை அதே வேலையைச் செய்யும்.

நுளம்புக்கு அதே காந்த முறையில் ஒரு வலை. உள்விளக்கு பல்பைக் கழற்றிவிடுங்கள். கதவைத் திறந்தால் கத்தும் எச்சரிக்கை ஒலி, ரிவர்ஸ் போட்டால் கத்தும் ஒலி இரண்டையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒரு சுவிட்சில் போட்டுக்கொண்டேன். அதிகாலை அமைதியில் அந்த ஒரு ஒலிக்கு முழுக் கூட்டமும் எழும்பிவிடும்.

லென்ஸைத் தாங்க மூட்டை வேண்டும். பழைய ஜீன்ஸ் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறு முனைக்கு சிப் வைத்தால் மூட்டை தயார். முதலில் அரிசி நிரப்பினேன். ஒரு மழை நாளில் நனைந்து, இரண்டு வாரத்தில் வண்டு வைத்துவிட்டது. ரெஜிபோம் உருண்டை நிரப்பிப் பார்த்தேன். பாரமில்லை, லென்ஸ் ஆடியது. இப்போது வெறும் பையைக் கொண்டுபோய், வழியில் ஏதாவது கடையில் மூன்று கிலோ பாசிப்பயறு வாங்கி நிரப்புகிறேன். கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, மூட்டையைக் கதவு விளிம்பில் குதிரைச் சேணம் போலப் போட வேண்டும். பாதி ஏற்றிய கண்ணாடி மேல் பாரம் வைத்தால் அது உள்ளே கழன்றுவிடும். திரும்பும்போது பயறு பெரியம்மாவின் அடுக்களைக்குப் போய்விடும்.

மன்னாருக்குப் போகும் முன் தலங்கம வாவியில் பழகுங்கள். காலை ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் எடுத்தால் வெளிச்சம் வரும்போது குளக்கட்டில் இருக்கலாம். நீலத் தாழைக்கோழி மனிதருக்குப் பழகியது, ஆரம்பத்துக்கு நல்ல ஆசிரியர். வேலைக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் மிஞ்சி இருப்பதால்தான். அவற்றை நிரப்பி வீடு கட்டுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பெரிய பயணத்துக்கு ஒக்டோபர் முதல் மார்ச் வரை. சனி அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படுவேன். சிலாபம் தாண்டி ஆனைவிழுந்தானில் ஒரு மணி நேரம், அங்கேயே காலைச் சாப்பாடு. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதியைப் பகலில்தான் ஓட வேண்டும். கருவலகஸ்வெவ, தப்போவப் பக்கம் யானை வீதிக்கு வரும். கண்டால் தூரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஹோர்ன் அடிக்காமல், பின்னால் போக வழி வைத்துக்கொண்டு காத்திருங்கள். பிறகு மதவாச்சி, அங்கிருந்து மன்னார் வீதி. மாலை கட்டுக்கரைக் குளம், இரவு பெரியம்மா வீடு, ஞாயிறு விடிய வங்காலை. வங்காலை சரணாலயம் 2010 முதல் ராம்சார் இடம். பருவத்தில் தள்ளாடிப் பாலத்தடியிலேயே பூநாரை நிற்பதைப் பார்க்கலாம். அங்கே வண்டியை வீதியை விட்டு முழுதாக ஒதுக்குங்கள். அங்குள்ள இராணுவ முகாம் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம்.

நிறுத்தும் முறை இந்த வேட்டையின் உயிர். நம் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம், அதனால் பறவையும் வலப்பக்கம் இருக்க வேண்டும், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலையில் காரின் மூக்கைத் தெற்கே வைத்தால் வலது ஜன்னல் மேற்கே பார்க்கும், வெயில் பறவை மேல் நேரே விழும். மாலையில் மூக்கு வடக்கே. போகும் முதல் நாளே பாதை எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்வேன்.

பறவைக் கூட்டத்தை நோக்கி நேரே ஓட்டக்கூடாது. அவற்றைக் கவனிக்காததுபோல, பக்கவாட்டில் கடந்து போகிற வேகத்தில், இரண்டாம் கியரில் போங்கள். தலைகளைத் தூக்கினால் அங்கேயே நிறுத்துங்கள். மீண்டும் மேயத் தொடங்கிய பிறகு பத்து மீற்றர். நினைத்த இடம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அதிர்வில் படம் கலங்கும், பொனட் சூட்டில் காற்று நெளிந்து அதுவும் கலங்கும். ஏசியை அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த லென்ஸ் வெளிக்காற்றுப் பட்டதும் வேர்த்துவிடும், துடைக்கத் துடைக்க வரும். அப்புறம் இருபது நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் நூறு படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் முதுகைக் காட்டிப் போகும் பறவைகள். இருபதாவது நிமிடத்தில் உள்ளான் ஒன்று சில்லுக்குப் பக்கத்துச் சேற்றையே குத்த வரும். ஃபோனில் பறவைக் குரல் போட்டு அழைப்பது வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து களைத்து வந்த உயிரை ஏமாற்ற எனக்கு மனம் வராது.

ஃபோர் வீல் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு ஜனவரியில் வங்காலைப் பக்கம், பாதையிலிருந்து நாற்பது மீற்றர் தூரத்தில் பூநாரைகள். நிலம் வெள்ளையாகக் காய்ந்து, தட்டினால் சத்தம் வரும்போல இருந்தது. இறங்கினேன். உவர் நிலத்தில் மேலே உப்புப் பொருக்கு, கீழே சாம்பல் நிறக் களி. பொருக்கு உடைந்ததும் நாலு சில்லும் ஒன்றாகப் புதைந்தன. லொக் போட்டும் பயனில்லை, நாலும் சேர்ந்து சுற்றி இன்னும் ஆழமாகத் தோண்டின. வண்டி வயிற்றில் படுத்துவிட்டது. மீன் ஏற்ற வந்த ஒருவர் தன் லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தால் இழுத்து எடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நான் உடைத்த அந்தத் தடம் அடுத்த முறை போனபோதும் அப்படியே இருந்தது. பறவைகள் மேயும் நிலத்தை நானே உழுதிருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து பாதையை விட்டு இறங்குவதில்லை. பாதையே சந்தேகமாக இருந்தால் இறங்கி நடந்து குதிகாலை ஊன்றிப் பார்ப்பேன், குதி புதைந்தால் திரும்பிவிடுவேன். வன்னியில் இன்னொரு பெரிய காரணமும் உண்டு. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் சிறுநீர் கழிக்கக்கூட ஒதுங்காதீர்கள். சனங்கள் நாளாந்தம் போகும் தடம் மட்டுமே தடம்.

பின் பெட்டியில் மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க அரைச் சதுர அடித் தடிப்பலகை, சில்லுக்கு முன்னால் போட இரண்டு பிளைவுட் துண்டு, இழுவைக் கயிறு, பத்து லீற்றர் தண்ணீர். அதற்கு மேல் எதையும் ஏற்றுவதில்லை. சின்ன வண்டியின் பலமே அதன் பாரக் குறைவுதான்.

ஞாயிறு மதியத்துக்குள் மன்னாரை விட்டுப் புறப்படுங்கள், புத்தளம் வரை வெளிச்சம் இருக்கும். திங்கள் காலை வேலைக்குப் போகும் வழியில் வண்டியை சேர்விஸில் ஏற்றி, அடிப்பாகத்தையும் சில்லு வளைவுகளின் உட்பக்கத்தையும் வெறும் தண்ணீரால் நன்றாக அடிக்கச் சொல்லுங்கள். மன்னார் உப்பு ஒரு வாரம் தங்கினாலே பிரேக் பைப்பைத் தின்னத் தொடங்கும். கழுவி முடிந்ததும் நீங்களே குனிந்து, ஆக்ஸில் உறைகளின் மடிப்புக்குள் களி மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.