கச்சான் காற்றுக் காலத்தில் பிள்ளைகளுடன் திருகோணமலை

புலம்பெயர் நாடுகளில் பள்ளிக்கூட விடுமுறை கிடைக்கும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் திருகோணமலையில் கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, சூடேறிக் கிழக்குக் கரைக்கு வருகையில் அதற்கு இந்தப் பெயர். நிலக்கடலையையும் நாம் கச்சான் என்பதால், "கச்சான் அடிக்குது, வெளியில போகாதை" என்று அம்மம்மா சொல்லும்போது பேரப்பிள்ளைகள் விழிப்பதுண்டு.

இந்தக் காற்று பெற்றோரை இரண்டு விதமாக ஏமாற்றும். முதலாவது, அது வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், உடலிலிருந்து நீர் போய்க்கொண்டிருக்கும்போதும் பிள்ளையின் சட்டை நனைந்திருக்காது. ஆகவே வியர்வையைப் பார்த்து முடிவெடுக்காமல் சிறுநீரைப் பார்த்து முடிவெடுங்கள். அது கடும் மஞ்சளாக இருந்தாலோ, பல மணி நேரமாகப் பிள்ளை சிறுநீர் கழிக்கவில்லை என்றாலோ தண்ணீர் போதவில்லை என்று பொருள். குளிர்நாட்டில் வளர்ந்த உடல் இந்த வெக்கைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும் என்பதால், வந்திறங்கிய மறுநாளே கோயில், கோட்டை, கடற்கரை என்று ஓடாமல், முதல் நான்கைந்து நாட்களை உறவினர் வீட்டு முற்றத்திலும் மாலை நேரக் கடற்கரையிலும் கழிப்பது நல்லது. தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திராமல் இளநீர், மோர், உப்பும் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் ஆகியவற்றை இடையிடையே கொடுங்கள். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் மருந்தகத்தில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் தூள் பொட்டலத்தை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். ஒரு குவளைக்குப் பாதிப் பொட்டலம் என்று கண்ணளவில் கலப்பது உப்பின் அளவைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது ஏமாற்று கடலில். இக்காலத்தில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கரையோரம் குளம்போல் அமைதியாகத் தெரியும். அதே காற்றுதான் காற்றடைத்த வளையத்தில் மிதக்கும் பிள்ளையைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. மிதவை வளையங்களையும் மெத்தைகளையும் வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் என் எண்ணம். சிறு பிள்ளைகளுக்கு உள்ளொதுங்கிய மார்பிள் பீச் ஓரளவு பாதுகாப்பானது, ஆயினும் அங்கேயும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கரையிலிருந்து கைபேசியும் கையுமாகப் பார்த்திருப்பது காவல் ஆகாது.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் படகில் செல்வோர் ஏறும்முன் பிள்ளையின் அளவுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த படகு வரட்டும். தீவில் மணலை விட உடைந்த பவளமே அதிகம் என்பதால் ரப்பர்க் காலணி தேவை. முகம் கவிழ்த்து மீன் பார்க்கும் பிள்ளைக்கு முதுகுதான் எரியும். என் அக்காவின் மகன் அரை மணி நேரம் மிதந்துவிட்டு மூன்று இரவு குப்புறப் படுத்தான். முழுக்கைச் சட்டையுடன் நீந்த விடுவது எந்தக் களிம்பையும் விட நம்பகமானது.

கோணேசர் கோயிலுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். நண்பகலில் வெறுங்காலோடு அந்தக் கல் தரையில் நடப்பது பெரியவருக்கே சோதனை. கோயிலருகே மலைப்பாறை பிளந்து கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இராவணன் வெட்டுப் பக்கம் பிள்ளையின் கையை விடக்கூடாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்களைத் தள்ளி நின்று பார்ப்பதே போதும். நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் பூசிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊரில் யாராவது சொல்வார்கள், கேட்க வேண்டாம்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, குறிப்பாகக் காலையிலும் அந்திக்கு முன்பும். நாம் வெயிலுக்குப் பயந்து பிள்ளைகளை வெளியே விடும் நேரங்களும் அவையே என்பதால் நுளம்பு விரட்டியைத் தவறாமல் பூசுங்கள். வெயில் களிம்பு முதலில், விரட்டி அதற்கு மேலே. காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், இபுபுரோபனும் அஸ்பிரினும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் இறங்கும் வேளையில் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு தோன்றினால் அதுதான் அபாய கட்டம். நுளம்பு கடித்து 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தொடங்கலாம் என்பதால், நீங்கள் வாழும் நாட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலும் இலங்கை போய் வந்ததை அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெயிலில் நின்ற பிள்ளை உடல் கொதித்து, பேச்சுக் குழறி, மயங்குவது போலிருந்தால் நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடைகளைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். நினைவு தெளியும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாடகை வாகனத்தில் தூங்கிவிட்ட பிள்ளையை, ஐந்து நிமிடக் கடை வேலைக்காகக்கூட, உள்ளே விட்டுவிட்டு இறங்காதீர்கள்.